யுகமா, காலமா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்றாயே, சந்தோஷம். எனக்கும் கண்புரை ஆபரேஷன் முடிந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அந்தத் தைரியத்தில் மறுபடி மொழிபெயர்ப்பில் இறங்கி, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கிலாந்து வரலாறு பற்றிய புத்தகம். ஏஜ், எரா, எபாக், பீரியட் என்ற ஆங்கிலச் சொற்கள் நான்குக்கும் 'யுகம்' என்றே போட்டுத் தள்ளியிருந்தேன். "டியூடர் யுகமா? அந்த அரச வம்சம் ஆண்டதே 1485இலிருந்து 1603 வரை, நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு ஒரு யுகமாப்பா?" என்றாள். அப்புறம்தான் அகராதியைப் பிரித்தேன்.

ஏதோ நீளத்தில்தான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். இல்லை. எபாக்குக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'நிறுத்தம்' என்று பொருள். ஆங்கிலத்திலும் அது முதலில் கணக்கு தொடங்கும் புள்ளியைத்தான் குறித்தது. அதிலிருந்து ஓடும் காலத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது பிறகு. என் பழைய போன் சார்ஜ் இறங்கி அணைந்து, திரும்ப உயிர் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று தேதி காட்டும். பழுது என்று திட்டியிருக்கிறேன். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் நொடிகளை எண்ணத் தொடங்கும் புள்ளியாம் அது. அதற்குப் பெயரும் எபாக்தான்!

எராவுக்கு மூலம் லத்தீனில் எண்ணிக்கைக்கு வைத்த செம்புக் காசுகள். ஆக, ஓரிடத்தில் தொடங்கி எண்ணிக்கொண்டே போவது. நம் சகாப்தமும் அப்படித்தானே? சக ஆண்டு, கி.பி. 78இலிருந்து எண்ணுவது. இரங்கல் செய்தியில் 'ஒரு சகாப்தம் முடிந்தது' என்று எழுதும்போது யாருக்கு இது ஞாபகம் வருகிறது?

ஏஜ் என்றால் அந்தக் காலத்தை எது ஆண்டதோ அதன் பெயர்: கல், வெண்கலம், இரும்பு. வெண்கலம் எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதனால் எல்லை இடத்துக்கு இடம் மாறும். விக்டோரியா ராணி ஆண்ட 1837–1901க்கு ஏஜ், எரா இரண்டையும் சொல்கிறார்கள். பிரித்துப் பார்க்க ஒரு மத்தியானம் வீணாக்கினேன். பீரியட் சாது, எங்கே போட்டாலும் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் கறாராக இருப்பவர்கள் நிலவியல்காரர்கள் மட்டும்தான். இயான், எரா, பீரியட், எபாக், ஏஜ் என்று பெரிதிலிருந்து சிறிதாக ஒரு படிவரிசை. ஜுராசிக் ஒரு பீரியட். அது மீசோசோயிக் எராவுக்குள் அடங்கும். நாம் இருக்கும் ஹோலோசீன் எபாக் தொடங்கி சுமார் 11,700 ஆண்டுகள். அதற்குள் கடைசி ஏஜ், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது, மேகாலயன்! மேகாலயாவின் மாவ்ம்லூ குகையில் வளர்ந்த ஒரு சுண்ணாம்புப் படிவம்தான் அதற்கு அத்தாட்சி. 2018இல் அங்கீகரித்தார்கள். நீயும் நானும் மேகாலயன்காரர்கள், தெரிந்துகொள்.

சரி, கடைசியில் ஏஜுக்குக் காலம், பீரியடுக்குக் காலகட்டம், ஆண்டு எண்ணும் இடத்தில் மட்டும் சகாப்தம் என்று வைத்தேன். யுகம் ஒரே இடத்தில் தப்பியது: 1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததும் பிறந்த விண்வெளி யுகம். அது பழகிவிட்டது, கை வைக்க மனசில்லை.

இயானுக்கு 'ஊழி' போடலாமா? மகளிடம் கேட்டால் தலையை ஆட்டுகிறாள். ஆமாம் என்றா இல்லை என்றா, புரியவில்லை. நீதான் எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்