கடலா கால்வாயா என்று கேட்ட மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.
தை மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீயும் மருமகனும் பேரனும் நலமாயிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறோம். நான் இங்கிலாந்துக்கு வந்தபோது உங்களோடு கடலிலும் கால்வாயிலும் படகில் போனேனே; அடுத்த கோடையில் அம்மாவையும் அழைப்பதென்றால் கடற்பயணத்தை ஒழுங்கு செய்வதா, கால்வாய்ப் பயணத்தை ஒழுங்கு செய்வதா என்று நீ தொலைபேசியில் கேட்டாய். நான் பதிலைத் தொடங்கிய உடனேயே அம்மா கைபேசியை வாங்கிப் பேரனின் சளியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஆறுதலாக எழுதினால்தான் காரணங்களையும் சேர்த்துச் சொல்லலாம் என்பதால் இக்கடிதம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்வாயையே பதிவு செய்; அதிலும் வேல்ஸ் எல்லையிலுள்ள அந்த லங்கொத்லன் கால்வாயையே மீண்டும் பதிவு செய். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் வேறு எதைச் சொல்வான் என்று மருமகன் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆனால் கடல் எனக்குப் பிடிக்காமற் போனதால் இதை எழுதுகிறேன் என்று அவர் நினைக்கக்கூடாது.

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள சொலன்ட் நீரிணையில் பாய் விரித்து ஓடிய நாட்கள் எனக்கு இப்போதும் இனிக்கின்றன. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆகவே கச்சான் எப்போது தணியும், வாடை எப்போது எழும் என்று காற்றைக் கணக்குப் பார்க்கிற அளவுக்கு நம் மீனவர்கள் கடல்மட்டத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தத் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத்திலோ பூரணை, அமாவாசையை அண்டிய நாட்களில் கடல் ஏறக்குறைய 4 மீற்றர் ஏறி இறங்குகிறது. படகைச் செலுத்துவதற்கு நீங்கள் ஒழுங்கு செய்திருந்த அந்தப் பெண்மணி, காலைத் தேநீருக்கு முன்பே வற்றுப்பெருக்கு அட்டவணையை மேசையில் விரித்து, இன்ன நேரத்துக்கு முன் கயிறு அவிழ்ப்பதில்லை என்று தீர்மானமாகச் சொன்னபோது எனக்கு அவர் மீது பெரிய மரியாதை உண்டாயிற்று. வைட் தீவுக்கும் ஹேர்ஸ்ட் கோட்டைக்கும் இடையிலுள்ள ஒடுக்கத்தில், அதே பூரணை, அமாவாசை நாட்களில் நீரோட்டம் மணிக்கு 4 கடல் மைலுக்கு மேல் ஓடுகிறது. நம் பாய்ப்படகின் வேகமே 5 அல்லது 6 கடல் மைல்தான். அந்த ஓட்டத்துக்கு எதிராகப் போகிறவன் நாள் முழுவதும் ஒரே கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாமோ யார்மவுத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்து, நீர் திரும்பியதும் அதனோடு சேர்ந்து வெளியேறினோம்; கரை பின்னோக்கி விரைந்தது, நீடில்ஸ் பாறைகளும் 1859 இல் கட்டப்பட்ட அந்தச் சிவப்பு வெள்ளை வெளிச்சவீடும் எதிர்பார்த்ததற்கு முன்பே அருகில் வந்துவிட்டன.

ஆனால் அங்கேதான் காற்று நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பியது. அலைகள் உயரமாக எழவில்லை. குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி வந்து படகின் முன்பகுதியான அணியத்தை அடித்தன. நீ கம்பியைப் பிடித்தபடி பேரனின் மிதவை அங்கியின் வாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். அந்த அரை மணித்தியாலத்தில் உன் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் அப்போதே நினைத்தேன். 2004 மார்கழி 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போவதில்லை என்பதும், நடந்து போகும் தூரத்தில் கல்லடிக் கடல் இருந்தும் விருந்தாளிகளை என்னோடுதான் அனுப்பிவைப்பார் என்பதும் உனக்குத் தெரியும். இதைப் பற்றி அவரோடு பேசி மனத்தை மாற்றவேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை, நீயும் முயலாதே. அதே மனிதர், மண்டூர்த் திருவிழாவுக்குப் போகும்போது குருமன்வெளியில் சனத்தோடு சனமாக, பாதை என்று நாம் சொல்லும் அந்த மிதவைப் படகில் ஏறி, வாவியின் நடுவில் கைப்பிடிகூடப் பிடிக்காமல் நின்று யாரோ ஒருவரின் கலியாணப் பேச்சைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வருவார். அவருக்குத் தண்ணீரில் பயமில்லை, அலையில்தான் பயம்.

போர்ட்ஸ்மவுத்தில் பார்த்தவற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1545 இல் மூழ்கி 1982 இல் மேலே தூக்கப்பட்ட மேரி றோஸ் கப்பலின் பாதி உடலைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததில் பேரனுக்குத்தான் மகிழ்ச்சி; எனக்கு அந்த இருட்டு மண்டபத்தில் கால்தான் வலித்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன்: 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, நம் திருகோணமலையின் பெயர் சூட்டப்பட்ட கப்பலொன்று இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்லபூலில் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. அது பல ஆண்டுகள் வேறொரு பெயரில் இதே போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில்தான் நின்றதாம். வசதிப்பட்டால் அங்கே ஒருநாள் கூட்டிப்போ, இல்லாவிட்டாலும் குறையில்லை.

இனிக் கால்வாய். படகு மலை ஏறுகிறது என்று நான் சொன்னதை அம்மா இன்றுவரை நம்பவில்லை. படங்களைக் காட்டினேன், கதவுகளுக்கு நடுவே படகு நிற்பது தெரிகிறதே தவிர ஏறுவது தெரியவில்லை என்கிறார். நீ கையால் திறந்து மூடியவள் என்பதால் நீ சொன்னால் நம்புவார். இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டவும் செய்வேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

லொக் என்பது இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு கல்தொட்டி. மேலேறும் படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே வந்ததும் அந்தக் கதவு மூடப்படும். பிறகு மேற்பக்கத்திலுள்ள சிறு அடைப்புகளை, பற்சக்கரத்தில் கைப்பிடியை மாட்டிச் சுற்றி உயர்த்தினால், மேல்மட்டத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்து படகைத் தூக்கும். உள்ளேயும் மேலேயும் மட்டம் சமனாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் கதவு அசையாது. சமனான மறுகணம், நீளமான அந்த மரக்கையில் முதுகைச் சாய்த்து மெல்லத் தள்ளினால் அது தானாகத் திறந்துவிடும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. நம் குளங்களின் துரிசுக் கதவைச் சுற்றித் திறக்கிற ஆட்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அங்கே திறப்பது வயலுக்கு, இங்கே திறப்பது படகுக்கு. கீழே இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேற்கதவின் அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கற்படியின் மேல் படகின் பின்பகுதி தங்கிவிட்டால், தண்ணீர் இறங்க இறங்க அணியம் கவிழ்ந்துவிடும். அதற்காகத்தான் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். மருமகன் சுக்கானில் நின்றபோது நான் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாசி படிந்த கற்களிலிருந்து நீர் கசிந்து என் சட்டை நனைந்ததையும் பிறகுதான் கவனித்தேன்.

ஒரு படகு ஒருமுறை அத்தகைய ஒடுங்கிய லொக்கைக் கடந்தால் ஏறக்குறைய ஒரு இலட்சம் லீற்றர் தண்ணீர் மேலிருந்து கீழே போய்விடுகிறது. அப்படியானால் மேலே அவ்வளவு தண்ணீரை யார் கொடுப்பது? கால்வாய் வெட்டிய ஒவ்வொருவரும் முட்டி நின்ற கேள்வி இதுதான். லங்கொத்லன் கால்வாய்க்கு அதைக் கொடுப்பது டீ என்னும் ஆறு. லங்கொத்லன் நகரத்துக்கு அப்பால், படகு போகமுடியாத அந்தக் கடைசித் தூரத்தை நாம் நடந்து போய்ப் பார்த்தோமே, பிறை வடிவிலான தாழ்ந்த அணைக்கட்டு, அதுதான் தலைவாய். தோமஸ் டெல்ஃபோர்ட் அமைத்தது. 140 மீற்றர் அளவுக்கு வளைந்து போகிறது. நீங்கள் எல்லோரும் புல்லில் உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தபோது நான் அதன் ஓரமாக நடந்து போய், தண்ணீர் பிரிந்து கால்வாய்க்குள் நுழையும் இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை எளிமையான வேலை. ஆற்றை மறிக்கவில்லை, மட்டத்தைச் சற்று உயர்த்தித் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரால்தான் இந்தக் கால்வாயில் ஓட்டம் தெரிகிறது. மேலே போகும்போது எஞ்சின் முனகுவதும் திரும்பும்போது படகு இலேசாக வருவதும் அதனால்தான்.

இன்னொன்றையும் அறிந்து வியந்தேன். சரக்கெல்லாம் புகையிரதத்துக்கும் லொறிக்கும் போய்விட்டதால், 1944 இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்தக் கால்வாயில் படகோட்டத்தை முடித்துவிட்டார்கள். ஆனாலும் தூர்க்கவில்லை. டீ ஆற்றுத் தண்ணீரைக் குடிநீருக்காகக் கீழேயுள்ள நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோக இதே வாய்க்கால் வேண்டியிருந்தது. குழாய் செய்யவேண்டிய வேலையைச் செய்துகொண்டு அது பிழைத்துக் கிடந்து, பிறகு உல்லாசப் பயணிகளால் மறுபடி உயிர்பெற்று, 2009 இல் அதன் 11 மைல் நீளப் பகுதி உலக மரபுரிமையாகவும் ஆகிவிட்டது.

அந்தப் பகுதியில்தான் பொண்ட்கிசில்ட்டே நீர்ப்பாலம் இருக்கிறது. ஆற்றுக்கு மேலே 38 மீற்றர் உயரத்தில், 18 கற்றூண்களின் மேல், 307 மீற்றர் நீளத்துக்கு வார்ப்பிரும்புத் தொட்டியொன்றை வைத்து அதில் தண்ணீரையும் நிரப்பிப் படகை விட்டிருக்கிறார்கள். 1805 இல் திறந்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்த பெரிய இரும்பு வேலை நம் பழைய கல்லடிப் பாலம். அது 1924 இல் வந்தது. நீர்ப்பாலத்தின் ஒருபுறம் நடைபாதையும் வேலியும் உண்டு. மறுபுறம் தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் அளவுதான். அதற்கப்பால் வெறும் ஆகாயம். அம்மாவை அன்று படகின் உள்ளே, நடைபாதைப் பக்கத்து யன்னலருகில் உட்கார வை. மற்றப் பக்கத்துத் திரையை முன்கூட்டியே இழுத்துவிடு. எனக்கு அங்கே பயத்தைவிடக் கேள்விகள்தான் அதிகமாக இருந்தன. பழுதுபார்க்க வேண்டிய காலங்களில் இரண்டு முனைகளையும் பலகையால் அடைத்து, அடியிலுள்ள அடைப்பானைத் திறந்து, முழுத் தண்ணீரையும் ஆற்றில் விழவிடுவார்களாம். இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த இரும்பில் படகு ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் கட்டியவர்கள் மட்டுமல்ல, கூட்டித் துடைத்து வைத்திருப்பவர்களும்தான். 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரும்பாலான கால்வாய்களை ஓர் அறக்கட்டளை பார்க்கிறது. கிறின்ட்லி புறூக் லொக்குகளில் நமக்கு வழிகாட்டிய நரைத்த தலைக்காரரும் சம்பளமில்லாத் தொண்டர் என்று சொன்னாரே. இங்கே கமக்கார அமைப்புக் கூட்டத்தில் அதைச் சொன்னபோது, வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் சேர்ப்பதற்குப் பட்ட பாடுகளை நினைத்துச் சிலர் பெருமூச்சு விட்டார்கள்.

இனி அம்மாவின் வசதி. அவர் முதலில் கேட்கப்போவது மலசலகூடத்தைப் பற்றித்தான். கழிவுத்தாங்கி பெரியதாகவும் இடைவழியில் வெறுமையாக்க வேண்டாததாகவும் உள்ள படகைக் கேட்டு எடு. முழங்கால் நோவுக்குப் படிகள் செங்குத்தாக இருக்கக்கூடாது. படகுக்குப் படகு அது வேறுபடும், நேரில் போய்ப் பார். படகின் அகலம் 7 அடிக்குள் என்பதால் கட்டிலும் ஒடுக்கமாகத்தான் இருக்கும். சுவரோரத்தை அவருக்குக் கொடு. லொக் வேலைக்கு நீயும் பேரனும் போதும். வேக எல்லையே மணிக்கு 4 மைல் என்பதால், விரும்பினால் அம்மா கரைப்பாதையில் நம்மோடு கூடவே நடந்தும் வரலாம். சமையல் அவருடைய பொறுப்பு என்று இப்போதே அறிவித்துவிட்டார். கருவாடு கொண்டுவருவதைத் தடுக்க என்னால் முடியாது, அந்த நீளக்குழாய் போன்ற படகுக்குள் அதைப் பொரிப்பதைத் தடுப்பது உன் பொறுப்பு.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு; குளிர்த்தி முடியாமல் அம்மா ஊரைவிட்டு அசையமாட்டார். ஆவணிப் பூரணையோடு மண்டூர்த் தீர்த்தம். அதற்கு முந்திய திருவிழா நாட்களில் அவர் இங்கே நிற்கவேண்டும். பேரனின் பள்ளிக்கூடம் ஆடி நடுவில்தான் விடுமுறை விடும் என்றாய். ஆகவே விடுமுறை தொடங்கிய முதற்கிழமையே நமக்குப் பொருந்தும். அந்தக் கிழமைக்கு எல்லோரும் போட்டி போடுவார்கள் என்பதால் இந்த மாதமே முற்பணம் கட்டிவிடு. விசாவுக்கு உன் அழைப்புக் கடிதத்தோடு மருமகனின் சம்பளப் பத்திரங்களையும் வங்கிக் கூற்றுகளையும் சேர்த்து அனுப்பு. அம்மாவின் கடவுச்சீட்டு அடுத்த மாதத்தோடு காலாவதியாகிறது. நான் திங்கட்கிழமை அதைப் புதுப்பிக்கக் கொடுக்கிறேன், புதிய இலக்கம் வந்ததும் உனக்கு அறிவிப்பேன்.

அன்புடன்,
அப்பா