மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடா, காயங்கேணிப் படகுக்காரத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாரே,

சித்திரையில் கடல் அடங்கினால் உங்களுக்கு உழைப்புக் காலம். அதில் மண் போட இதை எழுதவில்லை. முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்க வருகிறவர்கள் படம் எடுக்கட்டும் என்று, சூடை மீனைக் கம்பியில் குத்தி அஞ்சாளையின், அதுதான் பாம்பு போல நீண்ட அந்த மீனின், பொந்துக்குள் நீட்டுகிறீர்களே சிலர், அதை விடச்சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அது வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காட்டி, "கோபத்தில நிக்கிது" என்று சொல்கிறீர்கள். பாவம், அது மூச்சு விடுகிறது. மற்ற மீன்களுக்குப் போல அகன்ற செவுள்மூடி அதற்கில்லை; தலைக்குப் பின்னால் சிறு துளைதான். வாயால் நீரை இழுத்துத் தள்ளினால்தான் செவுளுக்குப் போய்ச் சேரும். பாம்பு என்று வெருட்டவும் வேண்டாம். கடற்பாம்பு காற்றெடுக்க மேலே வரவேண்டும். இது செதிலும் நெஞ்சுச் செட்டையும் இல்லாத மீன்.

பார்வை மட்டம், மூக்கை நம்பித்தான் அதன் பிழைப்பு. சூடை மணக்கிற விரலும் சூடையும் அதற்கு ஒன்றே. பற்களோ உள்நோக்கி வளைந்தவை. தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது; முன்வாய் கவ்வியதும் அது முன்னால் வந்து பிடித்து உள்ளே இழுக்கும். ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற ஆய்வாளர்கள் 2007இல் இதைப் படமெடுத்தே காட்டினார்கள். பெரிய இனம் மூன்று மீற்றர் நீளம், 30 கிலோ வரை வளரும். ஊட்டிப் பழக்கினால் கையைக் கண்டதும் தானாக வரும். வேறு நாடுகளில் அப்படி விரல் போனவர்கள் உண்டு. நாளைக்கு உங்கள் படகில் வருபவரிடம் சூடை இருக்காது, வெறுங்கைதான் இருக்கும்.

காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லையா என்ன? நீலக்கோட்டுச் சின்ன மீன் அதன் வாய்க்குள்ளேயே புகுந்து பல்லிடுக்கைக் கொத்தித் துப்புரவாக்கும். அஞ்சாளை விழுங்காமல் வாயைப் பிளந்துகொடுத்தபடி கிடக்கும். செங்கடலில் களவாய் மீன் அஞ்சாளையின் பொந்துக்கு முன்னால் வந்து தலையை ஆட்டி அதை வேட்டைக்குக் கூப்பிடுகிறது. இரண்டும் சேர்ந்து போகும். கல்லிடுக்கில் ஒளிந்த இரையை அஞ்சாளை கலைக்கும், வெளியே பாய்ந்தால் களவாய்க்கு, உள்ளேயே நின்றால் அஞ்சாளைக்கு. 2006இல் வெளிவந்த ஆய்வு இது. நம் கல்லிலும் களவாய் இருக்கிறது; கம்பியைக் காணாவிட்டால் அவையும் கொஞ்சம் கிட்ட வரும்.

(கறிக்குப் பிடிப்பவர்களுக்கும் ஒரு சொல். பெரிய அஞ்சாளையின் உடம்பில் சிகுவாதெரா நஞ்சு சேர்ந்திருக்கலாம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது.)

காயங்கேணி 2019இலிருந்து கடற்சரணாலயம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கல்தானே உங்கள் கைமுதல்.

கம்பியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நங்கூரத்தை மணலில் போடுங்கள். படகேறுமுன் ஆட்களுக்குச் சொல்லுங்கள்: பொந்துக்குள் கைவிடக் கூடாது, கல்லில் கால் ஊன்றக் கூடாது, ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஊட்டிக் காட்டச் சொல்லிக் கூடக் காசு நீட்டுவார்கள். ஒருவர் மறுத்து, அடுத்த படகு ஒத்துக்கொண்டால் பிரயோசனமில்லை. ஆகவே சீசன் தொடங்குமுன் எல்லாருமாகக் கூடி ஒரே முடிவாக எடுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கல்குடாவிலிருந்து ஓர் அண்ணன்