மெனுவில் ஒரு வரி: சென்னையில் இத்தாலியப் பீட்சா கடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உரிமையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு உங்களில் ஒருவருடைய கடைக்கு வீட்டோடு சாப்பிட வந்திருந்தோம். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்களெல்லாம் ‘நல்லவேளை, நாம் இல்லை’ என்று இந்த வரியோடு நிறுத்திவிடுவீர்கள். அதுவும் தவிர, அன்று ஒரே இரவில் பார்த்ததையெல்லாம் வேறு வேறு கடைகளில் வேறு வேறு நாட்களில் துண்டு துண்டாக ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா. அப்பாவுக்கு 74 வயது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பால் சேர்ந்த எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, காபிகூடக் கடுங்காபிதான். பீட்சா கடைக்கு அவர் வந்ததே பேத்தியின் பிடிவாதத்தால்.

கடை அழகாகத்தான் இருந்தது. கட்டம் போட்ட மேசை விரிப்பு, சுவரில் வெஸ்பா ஸ்கூட்டர் படம், தலையில் இடிக்கிற உயரத்தில் மஞ்சள் விளக்கு. மெனுவின் முதல் பக்கத்தில் இத்தாலிய ராணி மார்கெரித்தா கதை. 1889இல் ராணி நேப்பிள்ஸ் நகரத்துக்கு வந்தபோது ரஃபாயெலே எஸ்போசித்தோ என்பவர் இத்தாலியக் கொடியின் மூன்று நிறத்தில் பீட்சா செய்து கொடுத்தார் என்பார்களே, அதுதான். (அந்தக் கதை அப்படியே நடந்ததா என்று வரலாற்றுக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். சரி, பசியோடு காத்திருப்பவனுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமே.) கதை முடிந்ததும் ஆறு பக்கத்துக்குப் பீட்சா. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் சீஸ்.

“சீஸ் இல்லாம ஒண்ணு கிடைக்குமா தம்பி?” என்று அப்பா கேட்டார்.

சர்வர் மரியாதையான பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சீஸ் இல்லாம பீட்சா வராதுங்க ஐயா, வேணும்னா பாஸ்தா போடச் சொல்லட்டுமா?” என்றார். மேனேஜரைக் கேட்டு வந்தும் அதையேதான் சொன்னார்.

அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடலே. ஆனால் அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பீட்சா சொன்னோம். முதல் பீட்சா சீக்கிரமே அடுப்பிலிருந்து வந்துவிட்டது. எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். வந்தது, கவுன்டரில் உட்கார்ந்தது. மற்ற இரண்டும் வரட்டும், சேர்த்துக் கொண்டுபோகலாம் என்று வைத்திருந்தார்கள். அதற்குள் டெலிவரித் தம்பிகள் நான்கு பேர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்கள். அடுப்பு அவர்கள் பக்கம் திரும்பியது. பெட்டி மேல் பெட்டியாகப் போயிற்று. எங்களுடைய மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தபோது முதலாவதில் சீஸ் ஆறி, மேலே எண்ணெய் திரண்டு நின்றது. ஓரத்தைக் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

டெலிவரித் தம்பிகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வண்டியை நிறுத்த இடம் தேடி, நிமிடக் கணக்கில் ஓடிப் பிழைப்பவர்கள். பார்சல் இல்லாமல் இன்று கடை நடத்த முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பி, போக்குவரத்தில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து உங்கள் வாசலுக்கு ஒருவன் வருகிறான் என்றால் எதற்காக வருகிறான்? வெஸ்பா படத்துக்காகவா? அடுப்புக்கும் வாய்க்கும் இடையே இருக்கிற தூரத்தைக் குறைக்கத்தான் வருகிறான். பெட்டிக்குள் ஆவியில் ஊறாத பீட்சா கடையில் மட்டும்தான் கிடைக்கும்.

இது என் சொந்தப் பிடிவாதம் இல்லை. நேப்பிள்ஸ் பீட்சாவின் செய்முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் மரபுச் சிறப்பு உணவாகப் பதிவு செய்தது. அந்த விவரக் குறிப்பு கிட்டத்தட்ட ஒரு பொறியாளர் எழுதியது போல இருக்கும். மாவு உருண்டை 180 முதல் 250 கிராம். விட்டம் 35 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. நடுவில் கனம் 0.4 செ.மீ., ஓரம் 1 முதல் 2 செ.மீ. அடுப்பில் சுமார் 485 டிகிரி செல்சியஸ், வேகும் நேரம் 60 முதல் 90 வினாடி. அப்புறம், அடுப்பிலிருந்து எடுத்ததும் அங்கேயே உடனே சாப்பிடுவதுதான் முறை என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றரை நிமிடத்தில் வெந்ததைப் பத்து நிமிடம் கவுன்டரில் வைப்பது என்ன கணக்கு?

மூன்றையும் சேர்த்துக் கொண்டுவருவது உபசாரம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் தோசை எப்படி வருகிறது? ஒவ்வொன்றாகத்தான். முதல் தோசை சின்னப் பிள்ளைக்கு, அடுத்தது அவசரமாகக் கிளம்புகிறவருக்கு. ஐந்து தோசையும் சுட்டு அடுக்கிவிட்டு எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டால் வீட்டில் சண்டைதான் வரும். பீட்சாவையும் அப்படியே கொண்டுவாருங்கள். இத்தாலியில் ஆளுக்கு ஒரு முழு பீட்சா என்பது வழக்கம். நாங்கள் எப்படியும் ஆளுக்கொரு துண்டு பிய்த்துத்தான் சாப்பிடப் போகிறோம். முதலில் வந்தது முதலில் தீரும்.

இனி அப்பா கதை. ஆறிப்போன பீட்சாவை நாங்கள் மென்றுகொண்டிருந்தபோது அவர் நாற்காலியில் இல்லை. பார்த்தால் அடுப்புக்கு எதிரே நின்று தீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெல்டருக்கு நெருப்பைக் கண்டால் கால் நின்றுவிடும். 485 டிகிரி என்று நான் சொன்னதும், “அப்போ அது அடுப்பு இல்லடா, உலை” என்றார். மாவு தட்டிக்கொண்டிருந்த பையனுக்கு ஊர் அசாம். அவனுக்குத் தமிழ் அரைகுறை, இவருக்கு இந்தி அதைவிட அரைகுறை. தக்காளியைக் காட்டினார், பூண்டைக் காட்டினார், சீஸ் பாத்திரத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். பையன் சிரித்துவிட்டான். ஓர் உருண்டையை எடுத்துத் தட்டினான், தக்காளி தடவினான், பூண்டைச் சீவிப் போட்டான், காய்ந்த ஓரிகானோவைத் தூவி ஆலிவ் எண்ணெயை ஒரு சுற்று விட்டு உள்ளே தள்ளினான். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அப்பா மேசைக்குத் திரும்பவே இல்லை. அதை நான்காக மடித்துக் கையில் பிடித்து, நின்ற இடத்திலேயே ஊதி ஊதிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் கிடைத்தது. அன்று அந்தக் கடையில் சாப்பிட்டதில் அதுதான் சரியான பீட்சா.

சர்வர் முள்கரண்டியோடு பின்னாலேயே ஓடிவந்தார், பாவம். நான்காக மடித்துக் கையில் சாப்பிடுவதற்கு நேப்பிள்ஸ் தெருவில் ‘ஆ போர்த்தாஃபோல்யோ’ என்று பெயர், பணப்பை மாதிரி மடித்தது என்று அர்த்தம். அப்பாவுக்கு அது தெரியாது. சுடுகிற ரொட்டியைக் கையில் பிடிக்க வேறு வழி இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அவர் கேட்டு வாங்கிய பீட்சாவுக்கும் பெயர் உண்டு. மரினாரா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், உப்பு. சீஸ் கிடையாது. கடலோடிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்தான், ஆனால் மீன் எதுவும் இல்லை. ஐரோப்பியப் பதிவில் பெயர் சொல்லி இடம்பெற்ற பீட்சாக்கள் இரண்டே வகை: மரினாரா, மார்கெரித்தா. பின்னதில் எருமைப்பால் மொசரெல்லா சீஸ் போட்டால் ‘மார்கெரித்தா எக்ஸ்ட்ரா’. அவ்வளவுதான். ‘சீஸ் இல்லாம பீட்சா வராது’ என்று உங்கள் கடையில் சொன்னார்களே, அந்தப் பட்டியலில் பாதியே சீஸ் இல்லாத பீட்சாதான்! உங்கள் மெனுவிலும் அந்தப் பெயர் இருந்தது. எங்கே தெரியுமா? பூண்டு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸாக, கடைசிப் பக்கத்தில், 60 ரூபாய்க்கு.

2019இல் வேலை விஷயமாக இத்தாலி போனபோது ஒரு நாள் நேப்பிள்ஸில் இருந்தேன். 1870இலிருந்து நடக்கும் ‘தா மிக்கேலே’ கடைக்குப் போனேன். வாசலில் டோக்கன். உள்ளே பளிங்கு மேசை, விரிப்பு கிடையாது, முன்பின் தெரியாதவர்களோடுதான் உட்கார வேண்டும். மெனு கையகலம், மரினாராவும் மார்கெரித்தாவும்தான் அங்கே முக்கியம். அப்போது விலை ஏறக்குறைய ஐந்து யூரோ. பீட்சா தட்டைவிடப் பெரிதாக வெளியே தொங்குகிறது, துண்டு போட்டுத் தருவதில்லை, நடுவில் ஈரம் சொதசொதவென்று இருக்கிறது. கால் மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். நம்மூர் மெஸ்ஸில் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அதையே அச்சு எடுத்தாற்போல இங்கே நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நடு ஈரமாக இருந்தால் ‘வேகவே இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நாங்கள்தான். கெட்சப் கேட்பதும் நாங்கள்தான். 1996இல் டெல்லியிலும் பெங்களூரிலும் அமெரிக்கத் தொடர்கடைகள் வந்த பிறகுதான் நம்மில் பெரும்பாலோருக்குப் பீட்சா என்றால் என்ன என்றே தெரியும். தடித்த ரொட்டி, நூலாக இழுபடும் சீஸ் என்று நாக்கு பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்டிக் கடை நடத்துவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் அதற்காக நாற்பத்தொரு வகையா? பன்னீர் டிக்கா, செட்டிநாடு சிக்கன், மெக்சிகன், நடுவில் ஒரு ‘சீஸ் பர்ஸ்ட்’. இத்தனை டாப்பிங்குக்கு அடியில் மாவு எப்படி இருந்தால் என்ன என்று ஆகிவிடுகிறது. மரினாராவில் அந்த வசதி இல்லை. மாவு சரியில்லை என்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் அது உங்கள் மெனுவில் இல்லையோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம்.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் இட்லி மாவு அரைக்கிற எந்த அம்மாவுக்கும் தெரியும்: மார்கழியில் ராத்திரி முழுக்க வைக்கிற மாவை சித்திரையில் அப்படி வைக்க முடியாது. பீட்சா மாவும் புளிக்கிற மாவுதான். அதன் செய்முறை 25 டிகிரி அறையைக் கணக்கில் வைத்து எழுதியது. நம் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் 25 டிகிரியை எங்கே தேடுவது? சூட்டில் ஈஸ்ட் கட்டுக்கடங்காமல் வேலை செய்து மாவிலிருக்கும் சர்க்கரையை எல்லாம் தின்றுவிடும். அப்புறம் எவ்வளவு தீ காட்டினாலும் ஓரம் நிறம் பிடிக்காது, வெளுத்தே இருக்கும். தட்டும்போது கிழியும், வாயில் புளிக்கும். அன்று எங்களுக்கு வந்த மூன்றிலும் ஓரம் வெளுத்திருந்தது. சாஸ் புளிப்பு என்று மனைவி சொன்னாள், மாவுதான் புளிப்பு. ஈஸ்டைக் குறைப்பது, குளிரில் வைத்து மெதுவாகப் புளிக்க விடுவது என்று இதற்கு வழிகள் உண்டு என்பது என்னைவிட உங்கள் மாஸ்டருக்குத் தெரியும். அவரை யாராவது கேட்டீர்களா என்பதுதான் கேள்வி.

விறகுதான் எரிய வேண்டும் என்றும் அடம்பிடிக்கவில்லை. 1984இலிருந்து நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு விதி வகுத்துக்கொண்டிருக்கும் நேப்பிள்ஸ்காரர்கள் சங்கமே இப்போது சில கேஸ் அடுப்பையும் மின் அடுப்பையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அடுப்பைவிட அதன் முன்னால் நிற்கிற ஆள்தான் முக்கியம். 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பீட்சாவை அல்ல, நேப்பிள்ஸில் பீட்சா போடுகிறவரின் கலையை. நம் பரோட்டா மாஸ்டர் கடை வாசலில், தெரு பார்க்க நின்று வீசுகிறார். அவர் கையைப் பார்த்துத்தான் பாதிக் கூட்டம் உள்ளே வருகிறது. உங்கள் அசாம் பையனோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், யாரும் கவனிக்காமல் நிற்கிறான். அப்பா போய்ப் பேசியிருக்காவிட்டால் எனக்கும் அவன் முகம் தெரிந்திருக்காது.

கடைசியில் பில் வந்தது. அப்பாவின் பீட்சா ‘மார்கெரித்தா, நோ சீஸ்’ என்று முழு விலையில் இருந்தது. போகட்டும். கீழே 10 சதவீதம் சேவைக் கட்டணம், 364 ரூபாய், அதற்கும் சேர்த்து ஜிஎஸ்டி. உணவகங்கள் தாமாக சேவைக் கட்டணத்தைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றும் சொல்லிவிட்டது. எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார்கள், ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைக் கஞ்சர்களாகப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டுத்தான். நான் 200 ரூபாயைக் கொண்டுபோய் அடுப்புக்காரப் பையன் கையில் கொடுத்தேன். அவன் அதை வாங்க யோசித்து, மேனேஜர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

ஆகவே நான் கேட்பது ஒரு வரி. மெனுவின் தலையில் ‘மரினாரா’ என்று எழுதுங்கள், கீழே ‘தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய்’ என்று போடுங்கள். சீஸ் செலவு இல்லாததால் விலையைக் குறைத்துப் போட முடியும். நேப்பிள்ஸிலும் பெரும்பாலும் அதுதான் விலை குறைந்தது. யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள். பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். பால் பொருளே வேண்டாம் என்று விட்டவர்களும் இருக்கிறார்கள். தக்காளியும் பூண்டும் நமக்கு அந்நியமும் இல்லை. “நம்ம ரசத்தையே ரொட்டில தடவின மாதிரி இருக்கு” என்று அப்பா வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அது அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு.

கார்த்திகையில் அவருக்குப் பிறந்த நாள் வருகிறது. எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, “அந்த உலைக் கடைக்கே போலாம்” என்கிறார். அதற்குள் அந்த ஒரு வரியை எழுதிவிட்டீர்கள் என்றால் ஐந்து பேருக்கு இடம் வைத்திருங்கள், அடுப்புக்குப் பக்கத்து மேசையாக. அவருக்கு முள்கரண்டி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்