கணக்கும் ஜெபமும்

அன்புள்ள நண்பா,

'கர்த்தருக்குள் பிரியமானவனே' என்று தொடங்கினால், மீதியைப் படிக்காமலே கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். இப்போது நீ இருக்கும் மனநிலையில் அந்தச் சொற்கள்மேல் உனக்கு வந்திருக்கும் கசப்பு எனக்குப் புரிகிறது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், ஓய்வுநாள் பள்ளி வகுப்பை இன்னும் விடவில்லை. என் செய்தி இவ்வளவுதான். உன் செய்திதான் பெரியது.

கட்டட நிதியில் கைவைத்த உங்கள் போதகர் அடுத்த ஞாயிறே பீடத்தில் நின்று கண்ணீரோடு ஜெபித்தார் என்று எழுதியிருந்தாய். கணக்குக் கேட்ட உன்னை 'அன்பில்லாதவன்' என்றார்களாம். களைகளைப் பிடுங்காமல் அறுப்புவரை விட்டுவைக்கும் உவமையையும் எடுத்து வீசினார்களாம். மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த உவமை மட்டும் எப்படித்தான் மனப்பாடமாக இருக்கிறதோ! நியாயத்தீர்ப்பைக் கடவுளிடம் விடு என்று அது சொல்வது உண்மைதான். வரவுசெலவுப் புத்தகத்தையும் கடைசி நாளில்தான் திறக்க வேண்டும் என்று எங்கே சொல்கிறது?

உன் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று கேட்டிருக்கிறாய். இது பழைய கேள்வி. 303இல் ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்கள்மேல் தொடங்கிய துன்புறுத்தலில் வேதப்பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவரின் கையால் நடந்த அபிஷேகம் செல்லாது என்று சொல்லி வட ஆப்பிரிக்காவில் தொனாத்திஸ்துகள் தனிச் சபையாகவே பிரிந்தார்கள். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பு ஆயர்களும் நேருக்கு நேர் வாதாடும் அளவுக்கு அது வளர்ந்தது. கொடுப்பவர் கிறிஸ்துவே, ஊழியரின் பாவம் அருளைக் கெடுக்காது என்பது அவர்களை எதிர்த்து வாதாடிய ஆயர் அகுஸ்தீனின் நிலைப்பாடு. நானும் அப்படியே நம்புகிறேன், பிள்ளைகளைக் குறித்துக் கலங்காதே. ஆனால் அந்தப் போதனை வாங்கியவனின் ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டது. கொடுத்தவர் அதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

சில மாதங்களாக பர்னபாவைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா, சப்பீராள் கதைக்கு முந்தைய வசனங்களில் வருகிறவன் அவன். நிலத்தை விற்று, பணத்தை அப்படியே கொண்டுவந்து அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தான். அடுத்து வந்த தம்பதியரும் விற்றார்கள், ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுவதையும் தந்ததாகக் காட்டினார்கள். முழுவதையும் தா என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே கேட்கிறார். பாதிதான் தருகிறோம் என்று சொல்லியிருந்தால் ஒரு கேடும் வந்திராது. பர்னபாவுக்குக் கிடைத்த பெயரைப் பாதி விலைக்கு வாங்கப் பார்த்தார்கள்.

சரி, பர்னபா உத்தமன் என்று முடித்துவிடலாமா? பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு வா. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு விலகுகிறார். மற்ற யூதர்களும் சேர்ந்து மாயம்பண்ணுகிறார்கள், பர்னபாவும் அதில் இழுபட்டுப் போகிறான். சொத்தைக் கொடுக்கத் தயங்காதவனுக்கு, நாலு பேர் பார்க்கும்போது ஒரு பந்தியில் உட்கார்ந்திருக்கத் துணிவில்லை! மாய்மாலத்தைக் கெட்டவர்களின் தனிச் சொத்தாக நினைத்துவிடுகிறோம். நல்லவர்களை அது கூட்டத்தோடு இழுத்துப்போகிறது. பவுல் என்ன செய்தார்? எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கேட்டார், கேட்டதைக் கடிதத்திலும் எழுதினார். 'கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும், வெளியே பேசாதீர்கள்' என்று உன்னிடம் சொன்னவர்களுக்கு அந்தக் கடிதம் எப்படித் தப்பியது?

சபை நல்லவர்களை எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சாட்சி சொல்லும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார். பாவமெல்லாம் முன்னொரு காலத்தில் நடந்ததாகவே இருக்கும். குடித்துக்கொண்டிருந்தேன், விடுதலை தந்தார். கோபக்காரனாக இருந்தேன், மாற்றினார். 'நேற்று இரவும் குடித்தேன்' என்று ஒருவர் எழுந்து சொன்னால் அடுத்த ஞாயிறு அவர் பக்கத்தில் எத்தனை பேர் உட்காருவார்கள்? ஆகவே அவரும் ஜெயித்த கதையைச் சொல்லப் பழகிக்கொள்கிறார். இயேசு சொன்ன உவமையில் வரி வசூலிக்கும் ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு கேட்ட இரக்கத்தைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கிக்கிறோம், ஆயக்காரனுக்கு ஒலிபெருக்கியைக் கொடுக்க மட்டும் தயங்குகிறோம்.

உன் கடிதத்தில் என்னை வருத்தியது கடைசிப் பத்திதான். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது உள்ளே ஒன்றுமே அசையவில்லை, ஆகவே நானும் மாயக்காரன்தான், சபைக்குப் போவதை நிறுத்திவிடுவதே நேர்மை என்று எழுதியிருக்கிறாய். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1738 மார்ச்சில், பின்னாளில் மெதடிஸ்த இயக்கத்தின் தலைவரான ஜான் வெஸ்லிக்கும் இதே எண்ணம் வந்தது. குருவாகிப் பத்தாண்டுகள் ஆகியும், தனக்கு விசுவாசமே இல்லை என்று தெரிந்தது. பிரசங்கிப்பதை நிறுத்திவிடவா என்று மொராவிய ஊழியர் பீட்டர் போலரிடம் கேட்டார். விசுவாசம் வரும்வரை அதைப் பிரசங்கியும், வந்தபின் அது இருப்பதால் பிரசங்கிப்பீர் என்றார் போலர். மனம் பின்வாங்க, வெஸ்லி முதலில் போய்ச் சொன்னது மரணதண்டனைக் கைதி ஒருவனிடம். இருதயம் அனல்கொண்டதாக அவர் எழுதுவது மே 24க்குத்தான். இடைப்பட்ட வாரங்களில் அவர் யாரை ஏமாற்றினார்? தன் வெறுமையைப் போலரிடம் சொல்லியிருந்தார், நாட்குறிப்பிலும் எழுதினார். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் அனுபவித்த இருளைப் படித்துச் சிலர் அவரை வேஷக்காரி என்றார்கள். அவரும் தன் ஆன்ம வழிகாட்டிகளிடம் அதை மறைக்கவில்லை. நீயும் மறைக்கவில்லையே, எனக்கு எழுதிவிட்டாய்! நிதியில் கைவைத்தவர் அழுததற்கும் நீ அழாமல் நிற்பதற்கும் ஒரே பெயரைச் சூட்டாதே.

அந்தச் சபைக்கே திரும்பிப் போ என்று சொல்ல மாட்டேன். கணக்கு வெளிவரும்வரை காணிக்கையை நிறுத்தி வைப்பதிலும் தவறில்லை. ஆனால் நீ மூப்பர்களுக்கு எழுதிய கேள்விகளின் நகல் எனக்கு வேண்டும். அடுத்த மாதம் எங்கள் சபையின் ஆண்டுக் கூட்டம், இங்கேயும் தணிக்கை அறிக்கையை வாசிக்காமல் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று கைதட்டுகிற வழக்கம் இருக்கிறது. உன் கேள்விகளில் எவை பொருந்துமோ அவற்றை எழுந்து கேட்கப்போகிறேன். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்