வானவில் நிற வெள்ளிக் காசுகள்: நிறத்தை அல்ல, வரிசையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயல்பாக வானவில் நிறம் படிந்த பழைய வெள்ளி நாணயங்களுக்குச் சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். அதைக் குறிவைத்தே ரசாயனத்தாலும் சூட்டாலும் நிறமேற்றிய காசுகள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் நிறம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறுவது வருத்தம் தருகிறது.

காற்றிலும் காகித உறைகளிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியின் மேல் சில்வர் சல்பைடு படலத்தை உண்டாக்குகின்றன. நாம் காணும் நிறம் சாயம் அல்ல. படலத்தின் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி கலப்பதால் வருவது. அதனால் படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஓர் ஒழுங்கில்தான் மாறும்: வெளிர் மஞ்சள், பொன்னிறம், செம்பழுப்பு, ஊதா, நீலம், வெளிர் நீலம். அதற்குமேல் மறுபடி மஞ்சள், ரோஜா, பச்சை, கடைசியில் கறுப்பு. நிறமே படியாத வெள்ளைப் பரப்பை ஒட்டியே நீலமோ பச்சையோ நின்றால் சந்தேகப்படுங்கள். இயல்பான காசில், 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், இடையில் குறுகலாகவாவது ஒரு மஞ்சள் பட்டை தெரியும்.

ஆனால் வரிசை சரியாக இருப்பதே போதுமான சான்று ஆகாது. கந்தகக் கரைசலில் முக்கி எடுத்த காசிலும் உண்டாவது அதே சில்வர் சல்பைடுதான். வரிசையும் ஏறத்தாழ அப்படியே வரும். அங்கே நிறம் எங்கே, எப்படிப் படிந்திருக்கிறது என்பதுதான் காட்டிக்கொடுக்கும். ஆல்பத்தில் இருந்த காசில் நிறம் பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி உள்நோக்கி மெலியும். துணிப்பையில் கிடந்த மார்கன் டாலர்களில் (பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள்) பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே நிறம் ஏறியிருக்கும். பக்கத்துக் காசு மறைத்த இடம் பிறை வடிவில் வெளுத்திருக்கும், சிலவற்றில் துணியின் நெசவுத் தடமே பதிந்திருக்கும். எழுத்துகளை ஒட்டிய இடத்தில் நிறம் சற்று விலகி நிற்பதும் இயல்பான காசில் அடிக்கடி காண்பது. அவசரமாக நிறமேற்றியதில் திட்டுத் திட்டான கறைகளும், திரவம் வழிந்த கோடுகளும், எழுத்து மூலைகளில் தேங்கிய கருமையும் இருக்கும்.

அடுத்து லஸ்டர், அதாவது அச்சடித்தபோதே காசின் பரப்பில் வந்த பளபளப்பு. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு பல்பின் கீழ், காசின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழக்கத்துக்கு வராத காசில் ஒளிக்கற்றை வண்டிச்சக்கரம் போல நிறத்தின் ஊடாகவே சுழலும். அது சுழலாமல், நிறம் மேலே மிதப்பது போலத் தெரிந்தால் நல்லதல்ல. நிறத்துக்கு அடியில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களையும் தேடுங்கள். துடைத்துக் கெடுத்த காசின் மதிப்பு சரிந்துவிடும். அந்தக் குறையை மூடத்தான் பலர் நிறமேற்றுகிறார்கள். தேய்ந்து லஸ்டர் போன காசில் கண்ணைப் பறிக்கும் வானவில் இருந்தாலும் எச்சரிக்கை தேவை.

சாயமோ வார்னிஷோ பூசியிருப்பதாகத் தோன்றினால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, காசைச் சில நிமிடம் ஊறவிடுங்கள், தேய்க்கவே கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவரில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அது உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பெரும்பாலான பூச்சுகள் கரையும், சல்பைடு கரையாது. எனவே நிறம் அப்படியே நின்றால் அது பூச்சு இல்லை என்று தெரியும். இயல்பானது என்று தெரியாது.

விலை அதிகமென்றால் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நாணயத் தரநிர்ணய நிறுவனங்கள் சோதித்து, லேபிளோடு மூடித் தந்த பிளாஸ்டிக் பெட்டியில் உள்ள காசையே வாங்குவது நல்லது. பி.சி.ஜி.எஸ். தரும் குறியீடு 91 என்றால் நிறம் சந்தேகத்துக்குரியது என்று பொருள். பெட்டிக் காசிலும் படத்தை நம்பிவிட வேண்டாம். லேபிளின் வெள்ளைப் பகுதி படத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், காசின் நிறமும் படத்தில் மாறியிருக்கிறது. பல கோணங்களில் சாய்த்து எடுத்த வீடியோவைக் கேளுங்கள். கொடுக்க மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்