கடன் வாங்கிக் கழித்தல்

கோத்தகிரி

அன்புள்ள மகளுக்கு,

"இந்தப் பனியில உட்கார்ந்து யாருக்குப்பா டியூஷன்?" என்று போனில் கேட்டாய். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதுதான் காரணம்.

2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயன் வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி மாலை வகுப்பு எடுத்தாளே, நினைவிருக்கிறதா? மாதம் ஆயிரம் ரூபாய் கிடைத்தது அவளுக்கு. கல்யாணமாகி அவள் போய்விட்டாள். பிள்ளைகள் மட்டும் பழக்கதோஷத்தில் ஐந்து மணிக்கு வந்து வாசலில் நின்றார்கள். சரி, ஒரு வாரம் பார்ப்போம் என்று உட்கார்ந்தவன்தான். எனக்குச் சம்பளம் கிடையாது. பதினோரு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, அம்மா போடும் வறட்டீ.

மூன்றாவது படிக்கிற ஒரு பையன். 32-இல் 3 போனால் 31 என்றே எழுதுவான். நாலு நாள் அதட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள்தான், "எப்படிடா 31 வந்தது?" என்று கேட்கத் தோன்றியது. "ரெண்டுல மூணு போகாது சார், அதனால மூணுல ரெண்டை எடுத்தேன்" என்றான். அவன் வரையில் அது நியாயம்தானே!

அவன் அம்மா கொழுந்து எடுக்கிறவள். "முப்பத்திரண்டு கிலோ கொழுந்து, தண்ணிக்கு மூணு கிலோ கழிச்சா?" என்றேன். கேட்டு முடிக்கவில்லை, "இருபத்தொம்பது" என்றான். முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக நின்று ஈரக் கொழுந்துக்குக் கழித்தவன் நான். இவன் பாட்டிக்கும் கழித்திருப்பேன். கொஞ்சம் குறுகுறுத்தது.

அப்புறம் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். மூன்று கட்டு, இரண்டு உதிரி. அவனே ஒரு கட்டைப் பிரித்தான், பன்னிரண்டு உதிரியானது, மூன்றை எடுத்தான். "இதுக்குப் பேர்தான் கடன் வாங்குறது" என்றேன். "எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?" என்றான். கடைப் பாக்கியைக் கேட்டே வளர்கிற பிள்ளை, வேறெப்படிக் கேட்பான்? எனக்குப் பதில் தெரியவில்லை.

நீயும் மூன்றாவதில் இதையே போட்டாய். "ரெண்டுல மூணு போகாதேப்பா" என்று நீயும் சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. மர ஸ்கேலால் புறங்கையில் போட்டேன். கவனமில்லாத பெண் என்று உன் மாமாவிடம் வேறு சொன்னேன். கவனமில்லாமல் இருந்தது நான். இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவுக்கு என் இருமல்தான் கவலை. தைலம் பூசிக்கொள்கிறேன், நீ பயப்படாதே. ஆறு மணிக்கு மேல் யாரையும் உட்கார வைப்பதில்லை. முந்தாநாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கரடி நின்றதாம். டார்ச்சோடு எல்லோரையும் லயன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

இன்னொரு விஷயம். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. தமிழ் இப்போதுதான் வருகிறது. மற்ற பிள்ளைகள் 'இந்திக்காரி' என்கிறார்கள். சிலோனிலிருந்து வந்து இங்கே பள்ளியில் சேர்ந்தபோது என்னையும் 'சிலோன்காரன்' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்காவது பாஷை ஒன்று. இது விரலை மடக்கி இந்தியில் எண்ணுகிறது. 29-க்கு 'உன்தீஸ்' என்றது, நான் முழித்தேன். புனேயில் இத்தனை வருஷம் இருக்கிறாயே, ஒன்றிலிருந்து நூறு வரை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக எழுது, கண்ணாடி மாற்ற வேண்டும் எனக்கு.

பொங்கலுக்கு வரும்போது ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட் வாங்கி வா கண்ணு. இங்கே கிடைப்பது பனியில் சீக்கிரம் இற்றுப்போகிறது.

அன்புடன்,
அப்பா