இரண்டு லக்ஷ்மிகளை ஒருவராக்கிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி வந்த கட்டுரையில், ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டாக்டர் லக்ஷ்மியே பிறகு அம்பை என்ற பெயரில் சிறுகதை எழுதினார், மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தை நிறுவினார் என்று இருக்கிறது. அந்த விருது 1984இல். அந்த லக்ஷ்மி காலமானது 1987 ஜனவரியில். ஸ்பாரோ தொடங்கியது 1988இல். மூன்று ஆண்டுகளையும் வரிசையாக எழுதிப் பார்த்திருந்தாலே அந்த வாக்கியம் அச்சேறியிருக்காது.

தாங்கள் அறியாததல்ல. விகடனில் தொடர்கதைகள் எழுதிப் புகழ்பெற்ற லக்ஷ்மி, திரிபுரசுந்தரி. 1921இல் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர். மணமாகித் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவருடைய ‘பெண் மனம்’தான் ‘இருவர் உள்ளம்’ படமானது. அம்பையின் இயற்பெயர் சி.எஸ். லக்ஷ்மி, பிறந்தது 1944இல். அவர் ஆய்வுப் பட்டம் பெற்ற டாக்டர். அவருக்கு அகாதெமி விருது கிடைத்தது 2021இல், ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்புக்காக. ஒருவருக்குப் புனைபெயராக இருப்பது இன்னொருவருக்கு இயற்பெயர். இருவருமே டாக்டர், இருவருமே விருதாளர். தடுக்கி விழ இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கையில் விளக்கு வேண்டும் என்கிறேன்.

இது முதல் தடவையும் அல்ல. சில மாதங்களுக்கு முன் மொழிபெயர்ப்பு பற்றிய குறிப்பில், பாமாவின் ‘கருக்கு’வை ஆங்கிலத்தில் தந்த லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமும் லக்ஷ்மி கண்ணனும் ஒருவராகியிருந்தார்கள். லக்ஷ்மி கண்ணன் தமிழில் காவேரி என்ற பெயரில் எழுதுபவர், ‘ஆத்துக்குப் போகணும்’ நாவலின் ஆசிரியர். இங்கே ஒரு காவேரி, அங்கே ‘ஒரு காவிரியைப் போல’. விற்பனைப் பட்டியல்களில் இரண்டும் எத்தனை முறை இடம் மாறியிருக்கின்றன தெரியுமா? அம்பையின் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் ஹோம்ஸ்ட்ராம்தான். அந்த நூலில் ஆசிரியரும் லக்ஷ்மி, மொழிபெயர்ப்பாளரும் லக்ஷ்மி.

நூற்பட்டியல் தயாரிப்பவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். அட்டையை மட்டும் பார்த்து ஆசிரியர் பெயரை எடுக்கக் கூடாது. உள்ளே பதிப்புரிமை வரி இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பிறகு ‘லக்ஷ்மி, 1921–1987’ என்று ஆண்டோடு ஒரு தலைப்பு. ‘திரிபுரசுந்தரி: லக்ஷ்மி பார்க்க’, ‘லக்ஷ்மி, சி.எஸ்., 1944: அம்பை பார்க்க’ என்று தனித்தனி வழிகாட்டிப் பதிவுகள். எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக்க வேண்டும். லக்ஷ்மி ‘லக்’ வரிசையில் நிற்கும், லட்சுமி ‘லட்’ வரிசைக்குத் தள்ளிப்போகும், இலக்குமியோ ‘இ’யில் போய் உட்காரும். ஒரே ஆசிரியரின் நூல்கள் மூன்று இடத்தில் சிதறும். மூன்றையும் ஒட்டவைக்க முயலும் அவசரத்தில்தான் வேறொரு லக்ஷ்மியின் நூலும் உள்ளே வந்துவிடுகிறது.

சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு, நூலகத்தில் நூல்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் முறை. அதில் இலக்கிய நூலின் எண்ணிலேயே ஆசிரியர் பிறந்த ஆண்டு வரும். ஆங்கில ‘என்’ எழுத்து 1900களைக் குறிக்கும். திரிபுரசுந்தரிக்கு ‘என் 21’, அம்பைக்கு ‘என் 44’. பெயர் ஒன்றாக இருந்தாலும் புத்தகங்கள் ஒரே எண்ணில் கலக்காது. அந்த ஆண்டைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகுமா?

ஆண் எழுத்தாளர்கள் விஷயத்தில் தங்கள் பக்கங்களில் இந்தக் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. எஸ். ராமகிருஷ்ணன் என்று இரண்டு பேர், முதலெழுத்துகூட ஒன்றுதான். பதிப்பாளரை ‘க்ரியா’ ராமகிருஷ்ணன் என்று தவறாமல் பிரித்து எழுதுகிறீர்கள், ‘சஞ்சாரம்’ எழுதியவரைத் தனியாகச் சொல்கிறீர்கள். அந்தக் கவனத்தில் பாதி இந்தப் பெண்களுக்குக் கிடைக்காதது மிகுந்த வருத்தம் தருகிறது. தன் ஆயுள் முழுதும் எழுதிய திரிபுரசுந்தரியம்மாளுக்கு உங்கள் கட்டுரையில் சொந்தமாக ஒரு வரிகூட மிஞ்சவில்லை. மறுப்புக் கடிதம் எழுத அவர் இன்று இல்லை.

கேட்பது இவ்வளவுதான்: அடுத்த இதழில் அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலும் அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். இனி லக்ஷ்மி என்று எழுதும்போது பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிறந்த ஆண்டைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நூற்பட்டியல் பணியில் இருக்கும் வாசகர்